பழைய கார் சூடாகிறதா? குளிர்விப்புக் கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

"பழைய வண்டி என்றால் கொதிக்கத்தான் செய்யும்" என்று சொல்பவர்கள் நிறைய பேர். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. நீண்ட மலை ஏற்றத்தில் ஆவி விட்ட வண்டிகள் அந்தக் காலத்திலும் உண்டுதான். ஆனால் சாதாரண சாலையில், சாதாரண வேகத்தில், புதிதாக இருந்த நாளில் அந்தக் கார் கொதிக்காமல்தான் ஓடியது. இன்று கொதிக்கிறது என்றால் இடையில் ஏதோ ஒன்று அடைத்துக்கொண்டிருக்கிறது, தேய்ந்திருக்கிறது, அல்லது யாரோ மாற்றி மாட்டியிருக்கிறார்கள். அது என்ன என்று தெரியும் முன்பே பெரிய ரேடியேட்டர், கூடுதல் ஃபேன் என்று வாங்கிப் பொருத்துவது நோய் தெரியாமல் மருந்து சாப்பிடுவது போலத்தான்.

எரியும் பெட்ரோலின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குளிர்விக்கும் தண்ணீருக்குள் இறங்குகிறது. தண்ணீர் அதை பிளாக்கிலும் (சிலிண்டர்கள் உள்ள என்ஜின் உடல்) ஹெட்டிலும் (அதை மேலே மூடும் பகுதி) வாங்கி, ரேடியேட்டருக்குக் கொண்டுபோய், காற்றிடம் கொடுக்க வேண்டும். வாங்குகிற இடம், கொண்டுபோகிற வழி, கொடுக்கிற இடம் என்ற இந்த மூன்றில் எங்கே தடை என்று கேட்டுக்கொண்டே போனால் பாதி வேலை முடிந்துவிடும்.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் இறங்கிய அந்த நொடியில் தண்ணீர் ஆவியாகப் பொங்கி முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைக் கையால் அழுத்திப் பாருங்கள். தொட முடியாத சூட்டிலோ விறைப்பாகவோ இருந்தால் இன்னும் காத்திருங்கள்.

1. உண்மையிலேயே சூடாகிறதா?

முதலில் மீட்டரைச் சந்தேகப்படுங்கள். பழைய மீட்டர்களில் ஒரு வகை மெல்லிய செப்புக் குழாயும் அதன் நுனியில் சூட்டை உணரும் பல்பும் (சிறு உலோகக் குமிழ்) உள்ளது. பல்பைக் கழற்றிக் கொதிக்கும் தண்ணீரில் வைத்தால் முள் 100 டிகிரி செல்சியஸ் அருகே நிற்க வேண்டும். உயரமான ஊரில் இருந்தால் 300 மீட்டருக்கு ஏறக்குறைய 1 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள். மின்சார மீட்டர் உள்ள பல கார்களில் டாஷ்போர்டுக்குப் பின்னால் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் ஒன்று இருக்கும். வெப்ப முள்ளோடு பெட்ரோல் முள்ளும் சேர்ந்து மேலே ஏறுகிறதா? அப்படியானால் கோளாறு என்ஜினில் இல்லை, ஸ்டெபிலைசரிலோ அதன் எர்த் இணைப்பிலோ இருக்கிறது.

1910-களிலும் 20-களிலும் வந்த கார்களில் ரேடியேட்டர் மூடியின் மேலேயே ஒரு தெர்மாமீட்டர் நிற்கும். 1912-இல் காப்புரிமை பெற்ற பாய்ஸ் மோட்டோமீட்டர் இந்த வகைதான். அது தண்ணீரின் சூட்டை நேராக அளப்பதில்லை, தண்ணீருக்கு மேலே நிற்கும் ஆவியின் சூட்டைத்தான் அளக்கிறது. அதன் அளவீட்டை அப்படித்தான் படிக்க வேண்டும்.

தூரத்திலிருந்தே சூட்டைக் காட்டும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று கையில் இருப்பது நல்லது. ஆனால் பளபளக்கும் பித்தளையையும் குரோமையும் அது குறைத்தே காட்டும். அளக்கும் இடத்தில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதன் மேல் அளந்தால் நம்பலாம்.

சூடு என்று தவறாக நினைக்கப்படுகிற இரண்டு விஷயங்களையும் இங்கேயே பிரித்துவிடுவோம். அழுத்த மூடி இல்லாத பழைய கார்களில் ரேடியேட்டரைக் கழுத்து வரை நிரப்பினால், ஓடும்போது கொஞ்சம் வெளியே தள்ளும். தண்ணீர் 20 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குப் போகும்போது சுமார் 3.5 சதவீதம் விரிகிறது. 10 லிட்டர் பிடிக்கும் வண்டியில் அது 350 மில்லி. அதற்கு இடம் வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் "தண்ணி குறைஞ்சிருக்கு" என்று மறுபடி நிரப்பாமல், எந்த மட்டத்தில் தண்ணீர் தானாக நிற்கிறது என்று பாருங்கள். ரேடியேட்டர் குழாய்கள் மூழ்கியிருந்தால் போதும்.

இரண்டாவது, வெயிலில் நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்து எடுத்தால் வண்டி திணறி நின்றுபோவது. பெரும்பாலும் அது பெட்ரோல் லைனிலோ கார்புரேட்டரிலோ பெட்ரோல் ஆவியாவதால் வரும் கோளாறு. தண்ணீர் 85 டிகிரியில் அமைதியாக இருக்கும்போதும் இது நடக்கும். அதற்கு ரேடியேட்டரைத் தொட வேண்டியதில்லை. பெட்ரோல் குழாயை எக்ஸாஸ்ட்டிலிருந்து தள்ளி வைப்பதும், நடுவில் வெப்பத் தடுப்புத் தகடு போடுவதும்தான் வழி.

2. எப்போது சூடாகிறது?

இந்த ஒரு கேள்விக்கான பதில் பல நாள் வேலையை மிச்சப்படுத்தும். ஒரு நோட்டை வண்டியிலேயே வைத்து எழுதுங்கள்.

நெரிசலில் மெதுவாகப் போகும்போது ஏறி, வேகமெடுத்ததும் முள் இறங்கினால் குறை காற்றில். ஃபேன், பெல்ட், ஃபேனைச் சுற்றியுள்ள தகடு, அடைத்த ஃபின்கள் (ரேடியேட்டர் குழாய்களுக்கு நடுவிலுள்ள மெல்லிய தகடுகள்) ஆகியவற்றைப் பாருங்கள்.

மெதுவாகப் போகும்போது சரியாக இருந்து, 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் தொடர்ந்து ஓட்டினால் ஏறுகிறது என்றால் குறை தண்ணீர் ஓட்டத்தில். ரேடியேட்டர் குழாய் அடைப்பு, உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸ், தேய்ந்த பம்ப், பிளாக்கில் சேறு. டைமிங்கும் (ஸ்பார்க் விழும் நேரம்) பெட்ரோல்-காற்றுக் கலவையும்கூட இந்த வரிசையில் வரலாம்.

ஸ்டார்ட் செய்து சில நிமிடத்திலேயே, ரேடியேட்டரின் அடிப்பாகம் இன்னும் சில்லென்று இருக்கும்போதே கொதித்தால், தெர்மோஸ்டாட் (சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) திறக்கவில்லை, அல்லது ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) வழியாக சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் வருகிறது. என்ஜினை அணைத்த பிறகு முள் கொஞ்சம் ஏறுவது எல்லா வண்டியிலும் உண்டு. ஓட்டம் நின்றதும் இரும்பில் இருக்கும் சூடு தண்ணீருக்கு வருகிறது. அதைக் கோளாறாக எண்ண வேண்டாம்.

3. காற்று

என்ஜின் ஐடிலில் ஓடும்போது ஒரு காகிதத்தை ரேடியேட்டரின் முன்பக்கம் வையுங்கள். ஃபேன் சரியாக இழுத்தால் அது ஒட்டிக்கொள்ளும். கீழே விழுந்தால் பெல்ட்டைப் பாருங்கள். நீளமான பக்கத்தின் நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் சுமார் 12 மில்லிமீட்டர் இறங்குவது சரி. ஃபேனைத் திருப்பி மாட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். பம்ப் வேலைக்குக் கழற்றியவர்கள் பின்முன்னாக மாட்டிவிடுவது நடக்கக்கூடியதுதான். திருப்பி மாட்டிய ஃபேனும் காற்றை அதே திசையில்தான் இழுக்கும், ஆனால் இறக்கையின் வளைவு தப்பாக விழுவதால் இழுப்பு மிகவும் குறைந்துவிடும்.

ஃபேனைச் சுற்றித் தகடு இருந்து, அதைக் கழற்றிப் போட்டிருந்தால் மறுபடி போடுங்கள். அது இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் என்ஜின் பக்கத்துச் சூடான காற்றையே சுற்றிச் சுற்றி வீசும். ஃபின்களில் பூச்சியும் எண்ணெய்த் தூசியும் இருந்தால் என்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கி மெல்லிய நீரோட்டத்தால் கழுவுங்கள். பிரஷர் வாஷர் வேண்டாம், பழைய ஃபின் காகிதம் போல மடிந்துவிடும். முன்னால் பொருத்திய கூடுதல் விளக்கு, ஹார்ன், சங்கப் பதக்கங்கள் எல்லாம் காற்றை மறைக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

4. மூடி, ஹோஸ், தெர்மோஸ்டாட், பம்ப்

மூடியின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு கூடினால் கொதிநிலை சுமார் 1.6 டிகிரி உயரும். 7 பவுண்டு மூடி உள்ள வண்டியில் தண்ணீர் 111 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் வளையம் கெட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். அதற்காகப் புதிய காரின் 15 பவுண்டு மூடியைப் பொருத்தாதீர்கள், ஈயப் பற்று வைத்த தொட்டி பிளந்துகொள்ளும். மூடியின் கழுத்து ஆழத்திலும் இரண்டு வகை உண்டு. குட்டை மூடியை நீளக் கழுத்தில் போட்டால் பார்க்க மூடியிருக்கும், உள்ளே அடைத்திருக்காது.

கீழ் ஹோஸ் பம்பின் உறிஞ்சும் பக்கம். வயதான ஹோஸ் உள்ளே பிய்ந்து தொங்கும். வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். என்ஜினை ரேஸ் செய்து ஒருவர் கவனித்தால் அது சப்பையாவது தெரியும். உள்ளே கம்பிச் சுருள் இருக்க வேண்டிய வண்டியில் அது துருப்பிடித்துக் கரைந்திருக்கலாம்.

தெர்மோஸ்டாட்டை ஒரு பாத்திரத் தண்ணீரில் நூலில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரும் வைத்துச் சூடாக்குங்கள். அதில் பொறித்த எண்ணுக்கு அருகில் திறக்கத் தொடங்கி, இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரிக்குள் முழுதாகத் திறக்க வேண்டும். "தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடு" என்ற பழைய யோசனையைக் கேட்காதீர்கள். சில என்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் கீழ்வளையம் பைபாஸ் துளையை மூடும். அதைக் கழற்றினால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியிலேயே சுற்றி, சூடு இன்னும் கூடும்.

பம்பில் தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரின் இறக்கைகள் துருப்பிடித்து அரைப்பங்காகத் தேய்ந்திருக்கலாம், அல்லது ஷாஃப்ட்டில் நழுவிச் சும்மா நிற்கலாம். கிரீஸ் கப் உள்ள பம்ப் என்றால் ஒரு திருகு போதும். அளவுக்கு மீறித் திருகினால் கிரீஸ் தண்ணீரோடு ரேடியேட்டருக்குப் போய்க் குழாய்களின் உட்சுவரில் படிந்துவிடும்.

பம்பே இல்லாத வண்டிகளும் உண்டு. 1908 முதல் 1927 வரை வந்த ஃபோர்டு மாடல் டி-யில், ஆரம்பத்தில் வந்த சிலவற்றைத் தவிர, சூடான நீர் மேலே ஏறுவதும் குளிர்ந்த நீர் கீழே இறங்குவதும்தான் ஓட்டம். இதில் தண்ணீர் மட்டம் மேல் குழாயின் வாய்க்குக் கீழே இறங்கினால் சுற்றே அறுந்துவிடும். இந்த வண்டிக்காரர்கள் மட்டத்தை அடிக்கடி பார்க்க வேண்டும்.

5. ரேடியேட்டர்

என்ஜின் நன்றாகச் சூடானதும் அணைத்துவிட்டு ரேடியேட்டரின் முகத்தைக் கட்டம் கட்டமாக அளங்கள். மேலிருந்து கீழே சூடு சீராகக் குறைய வேண்டும். நடுவில் ஒரு திட்டு மட்டும் சில்லென்றிருந்தால் அந்தக் குழாய்களில் தண்ணீர் போகவில்லை. மேல் ஹோஸுக்கும் கீழ் ஹோஸுக்கும் வித்தியாசம் 5 முதல் 10 டிகிரி என்றால் ஓட்டம் நன்றாக இருக்கிறது. 25, 30 டிகிரி என்றால் தண்ணீர் மிக மெதுவாக நகர்கிறது.

கழற்றிவிட்டால் இன்னொரு சோதனை: கீழ் வாயைக் கையால் அடைத்து, முழுக்க நிரப்பி, சட்டென்று கையை எடுங்கள். தண்ணீர் வாய் நிறையப் பாய்ந்து கொட்ட வேண்டும். சொட்டிச் சொட்டி வந்தால் அடைப்பு. கீழிருந்து மேலாகத் தண்ணீரை அனுப்பி எதிர்த்திசையில் கழுவுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் தொட்டியைப் பிரித்து ஒவ்வொரு குழாயிலும் கம்பி விடும் வேலை தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது. தேன்கூடு வகை ரேடியேட்டரில் கம்பி விட முடியாது. 1901-இல் வெளிவந்த மெர்சிடிஸ் 35 எச்பி காரின் ரேடியேட்டரில் 8,070 சிறு சதுரக் குழாய்கள் இருந்தன; அவற்றின் உள்ளே காற்று போகும், இடைவெளியில்தான் தண்ணீர். அந்த இடைவெளி அவ்வளவு குறுகலானது.

6. பிளாக்: எல்லோரும் விட்டுவிடும் இடம்

இதைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். என்னிடம் இருந்த நான்கு சிலிண்டர் வண்டிக்கு ரேடியேட்டருக்குப் புதிய கோர் (குழாய்களும் ஃபின்களும் உள்ள நடுப்பகுதி) போட்டாயிற்று, பம்பை முழுக்கப் புதுப்பித்தாயிற்று, தெர்மோஸ்டாட் இரண்டு முறை மாற்றியாயிற்று. அரை மணி நேர ஓட்டத்தில் முள் மேலே போவது நிற்கவே இல்லை. கடைசியில் பிளாக்கின் பக்கச் சுவரை முன்னிருந்து பின்னாக அளந்தேன். முதல் சிலிண்டர் அருகே 86 டிகிரி, நான்காவது அருகே 108.

பின்பக்கத்து வடிகுழாயைத் திறந்தால் ஒரு சொட்டு வரவில்லை. கம்பி விட்டால் மெத்தென்று முட்டி நின்றது. சரி என்று பிளாக்கின் பக்கத்தில் இருக்கும் வட்டத் தகட்டு அடைப்பான்களில் கடைசி ஒன்றை நெம்பி எடுத்தேன். துளைக்குப் பின்னால் தண்ணீர் நிற்க வேண்டும். அங்கே செங்கல் நிறத்தில் ஒரு சுவர் நின்றது. ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் காய்ந்த களிமண் போலச் செதில் செதிலாக வந்தது. உள்ளே போகப் போகக் குழைந்த சேறு. துருவும் சுண்ணாம்பும், வார்ப்படத்தின் மணலும் சேர்ந்து பல பத்தாண்டுகளாக இறுகியது. அன்று மாலைக்குள் இரண்டு டப்பா எடுத்தேன். அதற்குப் பிறகு பின்சிலிண்டருக்கும் முன்சிலிண்டருக்கும் வித்தியாசம் 4 டிகிரிதான். அத்தனை செலவும் செய்த புதிய ரேடியேட்டர் ஆரம்பத்திலிருந்தே தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது.

ஏன் பின்பக்கம்? பம்ப் முன்னால் இருப்பதால் அங்கே ஓட்டம் வேகம், பின்னால் மந்தம். மந்தமான இடத்தில்தான் எல்லாம் படியும். சேறும் சுண்ணாம்பும் இரும்பை விடப் பல மடங்கு குறைவாகத்தான் வெப்பத்தைக் கடத்தும். சிலிண்டர் சுவரைச் சுற்றிப் போர்வை போர்த்தியது போல ஆகிவிடுகிறது.

செய்யும் முறை இது. வடிகுழாயைக் கழற்றுங்கள், அடைப்பான்களை எல்லாம் எடுங்கள். பழைய ஸ்பீடோமீட்டர் கேபிளின் உட்கம்பியின் நுனியைக் கொஞ்சம் பிரித்து, டிரில்லில் மாட்டி மெதுவாகச் சுழற்றினால் மூலை முடுக்கெல்லாம் போய்ச் சுரண்டும். இடையிடையே ஹோஸ் தண்ணீரால் கழுவுங்கள். வெளியே வரும் தண்ணீர் தெளியும் வரை விடாதீர்கள், இதில் பொறுமை வேண்டும். சில என்ஜின்களில், உதாரணமாகக் கிறைஸ்லர், பிளிமத், டாட்ஜ் ஆகியவற்றின் பக்க வால்வு ஆறு சிலிண்டர்களில், பம்புக்குப் பின்னால் பிளாக்கின் நீளத்துக்கு ஒரு தகட்டுக் குழாய் உள்ளே படுத்திருக்கும். ஒவ்வொரு வால்வுக்கும் குளிர்ந்த நீரைப் பிரித்துக் கொடுப்பது அதுதான். அது துருப்பிடித்துப்போனால் பம்ப் பக்கத்துச் சிலிண்டர் மட்டும் குளிரும். பம்பைக் கழற்றும்போது அதையும் உருவிப் பார்த்துவிடுங்கள்.

ஒட்டிய துருவுக்கு சிட்ரிக் அமிலம் நல்லது. முதலில் நுரை வராத சலவைத்தூள் கரைசலை ஓடவிட்டு எண்ணெய்ப் பசையை எடுங்கள், பசை இருந்தால் அமிலம் இரும்பைத் தொடாது. அப்புறம் லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து, சூடாக அரை மணி நேரம் ஓட்டி, வடித்து, நல்ல தண்ணீரால் பலமுறை கழுவி, சமையல் சோடா கரைசலால் ஒருமுறை அலசி, மறுபடி கழுவுங்கள். இரவு முழுக்க ஊறவிட வேண்டாம். அலுமினிய ஹெட் உள்ள வண்டியில் நான் அமிலத்தைத் தவிர்த்துக் கைவேலையோடு நிறுத்திக்கொள்வேன். கழுவிய பிறகு எங்காவது ஒழுகினால், அந்த ஓட்டை ஏற்கெனவே இருந்தது, துருதான் அதை அடைத்து வைத்திருந்தது என்று புரிந்துகொள்ளுங்கள். புதிய அடைப்பான்களைப் பித்தளையில் போடுவது நல்லது, துருப்பிடிக்காது.

7. ஹெட் கேஸ்கெட்

குளிர்ந்த என்ஜினில் ஃபேன் பெல்ட்டைக் கழற்றுங்கள், பம்ப் சுற்றக் கூடாது. தெர்மோஸ்டாட்டையும் எடுத்துவிட்டு, ஹெட்டின் வாய் வரை தண்ணீர் ஊற்றி ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீர் சூடாவதற்கு முன்பே, ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் குமிழி வந்தால் எரிந்த வாயு உள்ளே வருகிறது. ஒரு நிமிடத்துக்கு மேல் இப்படி ஓட்டக் கூடாது. நீலத்திலிருந்து மஞ்சளாக மாறும் சோதனைத் திரவமும் இதையே உறுதி செய்யும். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் கம்ப்ரெஷன் குறைந்திருப்பதும் இதற்கு அடையாளம். புதிய கேஸ்கெட் போடும்போது அதை பிளாக்கின் மேல் வைத்து ஒவ்வொரு தண்ணீர்த் துளையும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். திருப்பிப் போட்டால் பின்பக்கத்துத் துளைகள் மூடிக்கொள்ளும் என்ஜின்கள் உண்டு.

8. தண்ணீரில் இல்லாத காரணங்கள்

ஸ்பார்க் தாமதமாக விழுந்தால் எரிதல் எக்ஸாஸ்ட் வரை நீண்டு, அந்தச் சூடு தண்ணீருக்கு வரும். 1932-இல் வந்த ஃபோர்டு பக்க வால்வு வி8 போன்ற என்ஜின்களில் எக்ஸாஸ்ட் வழியே பிளாக்கின் தண்ணீர் அறைகளைக் கடந்துதான் போகிறது. அங்கே டைமிங் தவறினால் விளைவு உடனே தெரியும். டிஸ்ட்ரிபியூட்டரில் (ஸ்பார்க்கைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் பகுதி) ஸ்பார்க் நேரத்தை மாற்றும் எடைகள் இறுகிப்போயிருக்கின்றனவா, வேக்குவம் டயஃப்ரம் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பார்க் பிளக் நுனி வெளுத்திருந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு. எத்தனால் கலந்த பெட்ரோல் கலவையை மேலும் மெலிதாக்கும்; ஜெட்டைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டி வரலாம். பிடித்துக்கொண்டு விடாத பிரேக்கும் என்ஜினைச் சூடாக்கும். ஓட்டி நிறுத்தியதும் நான்கு டிரம்மையும் கையை அருகில் வைத்துப் பாருங்கள்.

9. நிரப்புவது

சூட்டைச் சுமப்பதில் வெறும் தண்ணீர்தான் சிறந்தது, ஆனால் அது துருவை வளர்க்கும். உறைபனி உள்ள இடத்தில் கூலன்ட்டும் தண்ணீரும் பாதிப் பாதி வேண்டும். பனி இல்லாத இடத்தில் கால் பங்கு கூலன்ட் போதும். வார்ப்பிரும்பும் ஈயப் பற்றும் உள்ள என்ஜினுக்குச் சிலிகேட் சேர்ந்த பழைய வகைக் கூலன்ட்டே ஏற்றது. நிறத்தை நம்பாதீர்கள், லேபிளைப் படியுங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். தண்ணீர் உப்பில்லாததாக இருக்கட்டும். கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைகால் இனிக்கும், ஆனால் கொடிய விஷம். வடித்ததைத் திறந்த பாத்திரத்தில் விட்டு வைக்காதீர்கள், நாயோ குழந்தையோ வாய் வைத்தால் உயிருக்கே ஆபத்து.

ஹீட்டர் வால்வைத் திறந்து, வண்டியின் மூக்கைக் கொஞ்சம் உயர்த்தி நிறுத்தி, மெதுவாக ஊற்றுங்கள். தெர்மோஸ்டாட் தகட்டில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டு அதை மேல்பக்கமாக வைத்தால் உள்ளே மாட்டிய காற்று வெளியேறும்.

கூடுதல் மின்விசிறி வேண்டுமா என்று இப்போது யோசிக்கலாம். நெரிசலில் ஓட்டுபவர்களுக்கு அது உண்மையிலேயே உதவும். ஆனால் பழைய டைனமோக்கள் பலவும் 20 ஆம்பியர் அளவில்தான் தரும், அதுவும் வேகத்தில். ஐடிலில் ஏறக்குறைய ஒன்றும் தராது. விசிறி அதில் பாதியை எடுத்துக்கொள்ளும். இரவில் விளக்கோடு அதையும் போட்டால் பேட்டரி இறங்கிவிடும்.

10. ஓட்டிப் பார்ப்பது

முதல் ஓட்டத்துக்கு முன் ரேடியேட்டரின் மேல் வாயில் ஒரு துண்டு மெல்லிய நைலான் காலுறையைச் செருகி, ஓரத்தை ஹோஸுக்கு அடியில் மடித்து கிளிப்பால் இறுக்குங்கள். பிளாக்கில் மிச்சமிருக்கும் துரு ரேடியேட்டருக்குப் போகாமல் அதில் சிக்கும். 20 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத் திறந்து பாருங்கள். முதல் முறை ஒரு கரண்டி துரு இருந்தாலும் ஆச்சரியமில்லை. கழுவிவிட்டு மறுபடி போடுங்கள். இரண்டு மூன்று முறைக்குப் பின் சுத்தமாக வரும்போது எடுத்துவிடலாம். மறந்து விட்டுவிட்டால் அதுவே அடைப்பாகிவிடும்.

வழியில் முள் ஏறினால் ஹீட்டரை முழுக்கத் திறந்து, ஓரமாக நிறுத்தி, ஐடிலைக் கொஞ்சம் உயர்த்திப் பாருங்கள். ஆவி வந்தாலோ தண்ணீர் போய்விட்டது என்று தெரிந்தாலோ உடனே அணைத்துவிடுங்கள். அரை மணி நேரமாவது ஆறட்டும். பிறகு என்ஜினை ஐடிலில் ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். சூடான இரும்பில் குளிர்ந்த தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டினால் ஹெட் விரிசல் விடும்.

எல்லாம் சரியாக ஓடிய நாளில், வெளிச்சூடு என்ன, மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், பிளாக்கின் முன்னும் பின்னும் எத்தனை டிகிரி என்று அளந்து அந்த நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். 50 கிலோமீட்டருக்குப் பின் ஹோஸ் கிளிப்புகளை ஒருமுறை இறுக்குங்கள். ஹெட்டைக் கழற்றியிருந்தால் அதன் நட்டுகளையும் வண்டியின் கையேடு சொல்லும் அளவுக்கு மறுபடி முறுக்குங்கள்.